தழும்பில்லாத வயிற்று அறுவை சிகிச்சை: சோதனையில் எது தேறியது, எது தேறவில்லை?

கேள்வி இது: "வாய், பிறப்புறுப்பு, ஆசனவாய் வழியாகக் கருவியை நுழைத்து, வயிற்றுத் தோலில் கத்தி படாமலேயே பித்தப்பையை எடுத்துவிடலாம் என்று ஒரு காலத்தில் பெரிதாகப் பேசினார்கள். இதையெல்லாம் எப்படிச் சோதித்துப் பார்த்தார்கள்? இன்றைக்கும் பித்தப்பைக் கல் என்று போனால், வயிற்றில் சிறு துளைகள் போட்டுக் கேமரா விட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பிதானே செய்கிறார்கள்? அப்படியென்றால் அது தோற்றுவிட்டதா?"

எந்த வழி, எந்த உறுப்பு என்பதைப் பொறுத்து பதில் மாறும். வாய் வழியாகப் போய், இரைப்பையைத் துளைத்துப் பித்தப்பையை எடுக்கும் யோசனையை இன்று அநேகமாக யாரும் தொடுவதில்லை. யோனி வழியாகக் கேமராவும் கருவியும் விட்டுக் கர்ப்பப்பையை எடுப்பது சோதனையில் தேறி, பல நாடுகளில் நடக்கிறது. ஆசனவாய் வழியாக மலக்குடல் புற்றுநோயை எடுப்பதை ஒரு நாடு நடுவழியில் நிறுத்தியது. தோற்றுவிட்டதா என்று கேட்டால், வேண்டாததை வேண்டாம் என்று சொல்வதற்குத்தான் சோதனையே. இந்த விஷயத்தில் அது ஓரளவு ஒழுங்காக நடந்தது என்பது என் கருத்து. அறுவை சிகிச்சையில் அப்படி நடப்பது அபூர்வம்.

இந்த முறைக்கு ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'நோட்ஸ்' என்று பெயர். உடலில் இயற்கையாக உள்ள திறப்பு வழியாக உள்ளே போய், அங்கிருக்கும் உறுப்பின் சுவரைத் துளைத்து வயிற்றறைக்குள் நுழைவதுதான் அதன் சாரம். இதில் ஒரு முரண் இருக்கிறது. தோலில் அரை அங்குலக் கீறலைத் தவிர்ப்பதற்காக நல்ல நிலையில் இருக்கும் இரைப்பையில் ஓட்டை போடுகிறோம். வேறு எந்தச் சந்தர்ப்பத்திலும் இரைப்பையில் ஓட்டை விழுந்தால் அது அவசர நோயாளி, ஓடிப்போய்த் தைப்போம். இங்கே அதை நாமே வேண்டுமென்றே செய்கிறோம். அதனால்தான் 'முடியுமா' என்பதோடு நிற்காமல், 'மூடினால் மூடிக்கொள்ளுமா, கிருமி போகுமா, லேப்ராஸ்கோப்பியை விட என்ன லாபம்' என்று வரிசையாகக் கேள்விகள் எழுந்தன.

யோசனை அவ்வளவு புதிதும் அல்ல. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் டிமிட்ரி ஓட் என்ற மகப்பேறு மருத்துவர் 1901-லேயே யோனியின் பின்சுவரில் ஒரு கீறல் போட்டு, தலையில் கட்டிய கண்ணாடியின் வெளிச்சத்தில் வயிற்றுக்குள் பார்த்தார். கேமரா இல்லாமல் யோனி வழியாகக் கர்ப்பப்பையை எடுப்பது அதைவிடப் பழைய வழக்கம். புதிதாக வந்தது, நுனியில் கேமரா உள்ள வளையும் குழாயான எண்டோஸ்கோப்பை வைத்து இரைப்பையைத் தாண்டிப் போகலாம் என்ற துணிச்சல். அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் இருந்த ஆண்டனி கல்லூவும் அவருடைய குழுவும் 2004-ல் வெளியிட்ட கட்டுரையிலிருந்துதான் இந்தக் கதை சூடு பிடிக்கிறது. கல்லூ அறுவை சிகிச்சை நிபுணர் அல்ல, எண்டோஸ்கோப் பிடிக்கும் இரைப்பை-குடல் மருத்துவர். இது ஒரு சின்னத் தகவல்தான், ஆனால் பின்னால் வந்த போட்டிக்கெல்லாம் இதுவும் ஒரு காரணம். வயிற்றறை யாருடைய ராஜ்ஜியம் என்ற கேள்வி அன்றைக்கே கிளம்பிவிட்டது.

அவர்கள் சோதித்தது சுமார் 50 கிலோ எடையுள்ள பன்றிகளில். மயக்க மருந்து கொடுத்து, இரைப்பையை ஆன்டிபயாடிக் கலந்த நீரால் கழுவி, ஊசிமுனைக் கத்தியால் சுவரைத் துளைத்து, வயிற்றறைக்குள் எண்டோஸ்கோப்பை விட்டுப் பார்த்தார்கள். கல்லீரலிலிருந்து ஒரு துண்டு சதை எடுத்தார்கள். கிளிப் போட்டு ஓட்டையை மூடினார்கள். சில பன்றிகளை அன்றே முடித்துப் பரிசோதித்தார்கள். ஐந்தை இரண்டு வாரம் உயிரோடு வைத்துக் கவனித்தார்கள். அந்த ஐந்தும் தேறி, எடையும் கூடின. பன்றிக்கு எடை கூடினால் அது சாப்பிடுகிறது, குடல் ஓடுகிறது, உள்ளே சீழ் கட்டவில்லை என்று ஒரே அளவீட்டில் மூன்று சேதி தெரிந்துவிடும். அதற்கப்புறம் வரிசையாகக் கருக்குழாயைக் கட்டுவது, பித்தப்பையை எடுப்பது, இரைப்பையைச் சிறுகுடலோடு இணைப்பது என்று எல்லாவற்றையும் பன்றியில் செய்துபார்த்தார்கள்.

இந்தக் கதையில் ஹைதராபாத்துக்குத் தனி இடம் உண்டு. ஆசிய இரைப்பை-குடல் நிறுவனத்தின் ஜி.வி. ராவும் நாகேஸ்வர ரெட்டியும், வயிற்றுத் தோல் தீக்காயத்தால் கடுமையாகச் சிதைந்திருந்த ஒருவருக்கு, வாய் வழியாகப் போய்க் குடல்வாலை எடுத்தார்கள். மனிதரில் அது முதல்முறை. அவரைத் தேர்ந்தெடுத்ததில் நியாயம் இருந்தது, ஏனென்றால் வெட்டுவதற்கு நல்ல தோலே அங்கே இல்லை. ஆனால் அந்தக் காணொளி மாநாடுகளில் ஓடி உலகப் புகழ் பெற்ற வேகத்துக்கு, முறையான கட்டுரையாக விவரங்கள் வெளிவரவில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேருக்கு வியப்பு, மீதிப் பேருக்குக் கவலை.

அந்தக் கவலைக்குப் பழைய காயம் ஒன்று காரணம். லேப்ராஸ்கோப்பி மூலம் பித்தப்பை எடுப்பதை ஜெர்மனியின் எரிக் மூகே 1985-லும் பிரான்சின் பிலிப் மூரே 1987-லும் செய்துகாட்டினார்கள். அடுத்த நாலைந்து வருடத்தில் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது. நோயாளிகளே கேட்டு வந்தார்கள், கருவிக் கம்பெனிகள் வார இறுதிப் பயிற்சி நடத்தின, ஒழுங்கான ஒப்பீட்டு ஆய்வு வருவதற்குள் பழைய முறை ஏறக்குறைய மறைந்துபோனது. அதன் விலையாகப் பித்தநாளத்தைத் தவறுதலாக வெட்டிவிடும் விபத்து கூடியது. திறந்த அறுவை சிகிச்சையில் ஆயிரத்தில் ஒன்றிரண்டாக இருந்தது, ஆரம்பகால லேப்ராஸ்கோப்பியில் ஆயிரத்தில் நாலைந்து ஆனது. பித்தநாளம் வெட்டுப்பட்டவருக்கு வாழ்நாள் முழுக்கத் தொல்லை. இதையெல்லாம் கண்ணால் பார்த்த தலைமுறைதான் 2005-ல் அமெரிக்காவின் எண்டோஸ்கோப்பிச் சங்கத்திலும் லேப்ராஸ்கோப்பி அறுவை சிகிச்சையாளர் சங்கத்திலும் பொறுப்பில் இருந்தது.

அந்த ஆண்டு ஜூலையில் இரு சங்கத்தாருமாகப் பதினான்கு பேர் நியூயார்க்கில் கூடினார்கள். அடுத்த ஆண்டு ஒரு வெள்ளை அறிக்கை வந்தது. அதன் சாதுர்யம் என்னவென்றால், 'இந்த முறை அருமை' என்றோ 'ஆபத்து' என்றோ எழுதாமல், மனிதரிடம் போவதற்கு முன் எதற்கெல்லாம் விடை வேண்டும் என்று பட்டியல் போட்டார்கள். பாதுகாப்பாக உள்ளே போவது, இரைப்பையை மூடுவது, தொற்றைத் தடுப்பது, உள்ளே தைக்கக் கருவி, திசை தெரிவது, உள்ளே ரத்தம் கசிந்தால் சமாளிப்பது, பயிற்சி எல்லாம் அதில் இருந்தன. மனிதரில் செய்வதானால் மருத்துவமனையின் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், லேப்ராஸ்கோப்பி தெரிந்தவர் குழுவில் இருக்க வேண்டும், நடந்ததைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்றார்கள். அதாவது வினாத்தாள் முதலில், தேர்வு அப்புறம். புதிய கருவி வரும்போதெல்லாம் இந்த ஒழுங்கு கடைப்பிடிக்கப்பட்டிருந்தால் எத்தனையோ பேர் தப்பியிருப்பார்கள்.

இந்தப் பட்டியலில் கழுத்தைப் பிடித்தது மூடுவதுதான். இரைப்பைச் சுவருக்கு அடுக்குகள் உண்டு. சாதாரண எண்டோஸ்கோப்பிக் கிளிப் உள் அடுக்கைத்தான் கவ்வும். வெளி அடுக்கு சேர்ந்ததா என்பது வெளியிலிருந்து பார்க்கும்வரை தெரியாது. இதைச் சோதிக்க ஆய்வகத்தில் ஒரு எளிய ஏற்பாடு செய்தார்கள். அறுத்தெடுத்த பன்றி இரைப்பையில் ஓட்டை போட்டு, ஒவ்வொரு கருவியாலும் மூடி, தண்ணீருக்குள் அமுக்கிக் காற்றை ஏற்றினார்கள். எந்த அழுத்தத்தில் குமிழி வருகிறது என்று குறித்தார்கள். ஒப்பிடுவதற்கு, கையால் தைத்த இரைப்பை இருந்தது. கைத்தையலுக்கு நிகராகத் தாங்காத கருவிகள் அங்கேயே கழன்றுகொண்டன. இரைப்பைச் சுவரை முழுத் தடிமனுக்கும் கவ்விப் பிடிக்கும் கரடிப்பொறி வடிவக் கிளிப் ஒன்று ஜெர்மனியின் ட்யூபிங்கனில் உருவானது. எண்டோஸ்கோப்பின் நுனியில் தொப்பி போல மாட்டிக்கொண்டு போவார்கள். அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

தொற்று விஷயத்தில் முடிவுகள் எதிர்பாராத திசையில் போயின. வாயும் இரைப்பையும் சுத்தமான இடமல்ல, அதன் வழியாக வயிற்றறைக்குள் கருவி போனால் சீழ் கட்டும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகக் குழுவினர் இதை மனிதரிலேயே, ஆனால் கூடுதல் ஆபத்து வைக்காமல் சோதிக்க ஒரு வழி கண்டார்கள். உடல் எடைக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொள்பவருக்கு எப்படியும் இரைப்பையை வெட்டுவார்கள். கணையக் கட்டிக்காக வருபவர்களில் சிலருக்கும் அறுவையின்போது இரைப்பை திறக்கப்படும். அவர்களிடம் எண்டோஸ்கோப்பை இரைப்பை வழியாக வயிற்றறைக்குள் விட்டு, முன்னும் பின்னும் திரவ மாதிரி எடுத்துக் கிருமி வளர்த்துப் பார்த்தார்கள். கிருமி உள்ளே போகத்தான் செய்தது. ஆனால் அதனால் நோயாளிக்குத் தொற்று வரவில்லை. வயிற்றறை அந்த அளவுக் கிருமியைச் சமாளித்துவிடுகிறது. போகும் வழியே எப்படியும் வெட்டப்படப்போகிற உறுப்பில் சோதனையைச் செருகிய இந்த உத்தியை நான் மிகவும் ரசிக்கிறேன்.

மூன்றாவது பிரச்சினை கருவியே. எண்டோஸ்கோப் உணவுக்குழாய், குடல் போன்ற குழாய்க்குள் போவதற்காகச் செய்தது. குழாய்ச் சுவர் அதைத் தாங்கும். திறந்த வயிற்றறைக்குள் போனதும் அதற்குப் பிடிமானம் கிடையாது. ஈரக் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துத் தள்ளி, மறுமுனையால் கதவைத் திறக்கப் பார்ப்பது மாதிரி. பித்தப்பையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அதே நேரத்தில் அடியில் வெட்ட வேண்டும், ஆனால் கருவிகள் இரண்டும் ஒரே குழாயில் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. இரைப்பை வழியாகப் போனால் பித்தப்பை பின்னால் இருக்கும். நுனியை வளைத்துத் திரும்பிப் பார்க்க வேண்டும், படம் தலைகீழாகத் தெரியும். இன்னொன்று, லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் ஏற்றும் கார்பன் டை ஆக்சைடின் அழுத்தத்தை இயந்திரம் கட்டுப்படுத்தும். எண்டோஸ்கோப்பில் அப்படி இல்லை, விரல் வைத்தால் காற்று போய்க்கொண்டே இருக்கும். இதயத்துக்குத் திரும்பும் ரத்தம் தடைப்படும் அளவுக்கு அழுத்தம் ஏறலாம் என்பது பன்றியில் அழுத்தமானி வைத்தபோதுதான் உறைத்தது.

பன்றிச் சோதனைக்கும் எல்லை உண்டு. ஆய்வகப் பன்றி இளசு, கொழுப்பு மண்டியதில்லை, முன்பு அறுவை செய்த ஒட்டல் இல்லை. அதன் பித்தப்பை வீங்கிச் சீழ் பிடித்திருக்காது. பெருங்குடல் சுருள் சுருளாக இருப்பதால் ஆசனவாய் வழியைச் சோதிக்க அது அவ்வளவு உதவாது. இரண்டு வாரம் உயிரோடு இருந்தது என்றால் இரண்டு வருடத்தில் என்ன ஆகும் என்று தெரியாது.

அப்புறம் 2007 வந்தது. அந்த வருடத் தொடக்கத்தில் சில வாரங்களுக்குள் மூன்று கண்டங்களில் ஓட்டப்பந்தயம் நடந்தது. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மார்க் பெஸ்லர், பிரேசிலில் ரிக்கார்டோ சோரோன், ஏப்ரல் 2 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஜாக் மாரெஸ்கோ என்று வரிசையாகப் பெண்களுக்கு யோனி வழியாகப் பித்தப்பையை எடுத்தார்கள். மாரெஸ்கோ ஏற்கெனவே 2001-ல் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு ஸ்ட்ராஸ்பர்க்கில் இருந்த நோயாளிக்கு ரோபோ மூலம் அறுவை செய்தவர், பெயர் சூட்டுவதில் கெட்டிக்காரர். இதற்கு எகிப்தியக் கடவுளின் பெயரால் 'ஆபரேஷன் அனுபிஸ்' என்று பெயர் வைத்தார். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் லீ ஸ்வான்ஸ்ட்ரோம் குழு வாய் வழியாகவும் அதே வருடம் எடுத்தது. நம் பக்கம், கோயம்புத்தூர் ஜெம் மருத்துவமனையின் பழனிவேலு குழுவினர் யோனி வழியாக எண்டோஸ்கோப்பால் குடல்வாலை எடுத்ததை 2008-ல் ஆய்விதழில் எழுதினார்கள்.

கவனித்தீர்களா, வெள்ளை அறிக்கை பெரும்பாலும் இரைப்பையைப் பற்றித்தான் கவலைப்பட்டது. ஆனால் மனிதரிடம் வந்தபோது அநேகமாக எல்லோரும் யோனிக்கு மாறிவிட்டார்கள். காரணம் எளிது. யோனியின் பின்சுவரை மகப்பேறு மருத்துவர்கள் நூறு வருடத்துக்கும் மேலாகத் திறந்து மூடுகிறார்கள், கண்ணால் பார்த்து சாதாரண ஊசிநூலால் தைக்கலாம். மூடும் கருவி என்ற பெரிய தலைவலி இல்லை. கூடவே தொப்புளில் சிறு துளை போட்டு கேமராவோ பிடிகருவியோ விட்டார்கள். தூய நோட்ஸ் என்பது மெல்லக் கலப்பு நோட்ஸ் ஆனது. விலை என்னவென்றால், மனிதகுலத்தில் பாதிப் பேருக்கு இந்த வழியே கிடையாது.

இங்கே ஜெர்மானியர்கள் செய்தது பாராட்டத்தக்கது. 2008-ல் நாடு தழுவிய பதிவேடு ஒன்றைத் தொடங்கி, யார் எங்கே செய்தாலும் அதில் எழுதச் சொன்னார்கள். முதல் 551 நோயாளிகளின் கணக்கு 2010-ல் வந்தது. அதில் 85 சதவீதத்துக்கும் மேல் பித்தப்பை. சிக்கல் 3.1 சதவீதம், வேறு முறைக்கு மாற வேண்டி வந்தது 4.9 சதவீதம். அநேகமாக எல்லாமே யோனி வழி, நேரான கம்பிக் கருவிகள், தொப்புளில் ஒரு துளை. வளையும் எண்டோஸ்கோப்பை ஜெர்மானியர்கள் சத்தமில்லாமல் ஓரங்கட்டியிருந்தார்கள். பதிவேடு 'பாதுகாப்பாகச் செய்ய முடிகிறது' என்று சொல்லும். 'இது மேல்' என்று சொல்லாது. யாருக்குச் செய்தார்கள் என்பதை மருத்துவரே தேர்ந்தெடுக்கிறார், ஒல்லியான, சிக்கலில்லாத நோயாளிகள்தான் முதலில் வருவார்கள்.

மேலா என்று கேட்க, நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து ஒப்பிட வேண்டும். அமெரிக்காவில், வெள்ளை அறிக்கை எழுதிய அந்த இரு சங்கங்களின் கூட்டமைப்பே நடத்திய ஆய்வு 2018-ல் வெளிவந்தது. இயற்கைத் திறப்பு வழியும் லேப்ராஸ்கோப்பியும் பாதுகாப்பில் ஒன்றுக்கொன்று குறைவில்லை, அறுவைக்கு ஆகும் நேரம் மட்டும் கணிசமாகக் கூடியது. ஆனால் சேர்ந்த நோயாளிகள் சில டஜன் பேர்தான். வெள்ளை அறிக்கை வந்து பன்னிரண்டு வருடம் கழித்து, அதுவும் அவ்வளவு சிறிய எண்ணிக்கையில் பதில் வருகிறது என்றால், அதற்குள் ஆர்வம் வடிந்துவிட்டது என்று பொருள்.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு இதுதான் பதில். லேப்ராஸ்கோப்பியில் பித்தப்பை எடுத்தவர் பெரும்பாலும் மறுநாள் வீட்டுக்குப் போகிறார். நான்கு சின்னத் தழும்பு, ஒரு வருடத்தில் தேடினால்தான் தெரியும். சிக்கல் அபூர்வம். இப்படி நன்றாக இருக்கும் ஒன்றைவிட மேல் என்று நிரூபிக்க ஆயிரக்கணக்கான நோயாளிகள் வேண்டும். பித்தநாள விபத்து ஆயிரத்தில் சில என்றால், நூறு பேரில் அது வரவே வராமல் போகலாம். நூறு பேரை வைத்துப் பாதுகாப்பு என்று சொல்வதற்கு அர்த்தமே இல்லை. கருவிக்குச் செலவு, நேரம் இரட்டிப்பு, புதுப் பயிற்சி, லாபமோ தழும்பும் கொஞ்சம் வலியும். யார் மெனக்கெடுவார்கள்?

வலி என்று சொன்னேனே, அதை அளப்பது இதில் பெரிய வம்பு. வயிற்றில் கீறலே இல்லை என்று தெரிந்த நோயாளி குறைவாக வலிக்கிறது என்றுதான் சொல்வார். நர்ஸும் அப்படித்தான் நினைப்பார், டாக்டரும் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவார். பெல்ஜியத்தின் போன்ஹெய்டனில் ஜான் பேகலாண்ட் என்ற மகப்பேறு அறுவை நிபுணரின் குழு இதற்கு ஒரு விசித்திரமான தீர்வு கண்டது. கர்ப்பப்பை நீக்க வேண்டிய 70 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். பாதிப் பேருக்கு லேப்ராஸ்கோப்பி, பாதிப் பேருக்கு யோனி வழி. யோனி வழி செய்தவர்களின் வயிற்றிலும், லேப்ராஸ்கோப்பிக்குப் போடும் அதே இடங்களில் மேலோட்டமாகத் தோலை மட்டும் கீறினார்கள்! தழும்பில்லாத முறையைச் சோதிக்கத் தழும்பு போட வேண்டி வந்தது. நோயாளிக்கும் தெரியாது, அவரைக் கவனித்து மதிப்பிட்டவருக்கும் தெரியாது. சம்மதம் வாங்கித்தான் செய்தார்கள் என்றாலும், தேவையில்லாத கீறலைப் போடுவது சரியா என்று கேட்பவர்கள் உண்டு. நான் சரி என்ற கட்சி. மேலோட்டமான கீறல் சில வாரத்தில் ஆறும், நம்பத்தகாத ஆய்வை நம்பி லட்சம் பேருக்குச் செய்தால் அது ஆறாது.

முடிவுகள் 2019-ல் வந்தன. இரு முறையிலும் எல்லோருக்கும் திட்டமிட்டபடியே கர்ப்பப்பையை எடுக்க முடிந்தது. 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்குப் போனவர்கள் யோனி வழியில் 77 சதவீதம், லேப்ராஸ்கோப்பியில் 43 சதவீதம். அறுவை நேரமும் குறைந்தது, 75 நிமிடத்துக்குப் பதில் 41. போலிக் கீறல் இருந்தும் இந்த வித்தியாசம் தெரிந்தது என்பதால்தான் இதற்கு மதிப்பு. ஆனால் ஒரே மருத்துவமனை, முறையை வளர்த்தவரே ஆய்வின் முதல் ஆசிரியர், எண்ணிக்கை 70. இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

பித்தப்பையில் எடுபடாதது கர்ப்பப்பையில் ஏன் எடுபட்டது? கர்ப்பப்பையை எடுத்தால் யோனியின் மேல்முனை எப்படியும் திறக்கத்தான் வேண்டும். ஆரோக்கியமான உறுப்பில் கூடுதல் ஓட்டை இல்லை. ஆரம்பத்தில் சொன்ன அந்த முரண் இங்கே மறைந்துவிடுகிறது. பித்தப்பைக்காக யோனியைத் திறப்பது வேறு விஷயம். தாம்பத்திய உறவில் வலி வருமா, குழந்தை பெறுவதற்குப் பாதிப்பு உண்டா என்று பெண்கள் கேட்டார்கள். கேள்வித்தாள் வைத்து அளந்த ஆய்வுகளில் பெரிய பாதிப்பு தெரியவில்லை. ஆனாலும் குழந்தை பெற வேண்டிய வயதில் இருப்பவர்களைப் பல மையங்கள் சேர்க்கவே இல்லை. சேர்க்காதவர்களைப் பற்றி ஆய்வு எதுவும் சொல்ல முடியாதே.

ஆசனவாய் வழிக்கு வருவோம். மலக்குடல் புற்றுநோயை, குறிப்பாக இடுப்பெலும்பு குறுகலான ஆண்களிடம், மேலிருந்து எடுப்பது கஷ்டம். கட்டியின் அடிப்பகுதி கண்ணுக்கே சரியாகத் தெரியாது. கீழிருந்து, அதாவது ஆசனவாய் வழியாக மேல்நோக்கிப் பிரித்துக்கொண்டு போகலாமே என்று பார்சிலோனாவில் செய்த முதல் அறுவை 2010-ல் கட்டுரையாக வந்தது. தர்க்கம் அருமையாக இருந்தது, மாதிரியை எடுத்துப் பார்த்த நோய்க்குறியியல் அறிக்கைகளும் நன்றாக இருந்தன. வேகமாகப் பரவியது. நார்வேயில் எல்லாப் புற்றுநோய் அறுவையும் தேசியப் பதிவேட்டில் சேரும். சில மருத்துவர்களுக்கு, கட்டி திரும்பி வருவது வழக்கமில்லாத விதத்தில், இடுப்புக்குள் பல இடங்களில் சிதறி வருகிறது என்று பட்டது. 2018-ல் நாடு முழுக்க நிறுத்தச் சொன்னார்கள். பின்னர் 157 நோயாளிகளின் கணக்கை ஆராய்ந்தபோது, இரண்டரை வருடத்துக்குள் அதே இடத்தில் புற்று திரும்பும் வாய்ப்பு 11.6 சதவீதம் என்று வந்தது. தேசியப் பதிவேட்டில் மற்றவர்களுக்கு 2.4 சதவீதம். மலக்குடலைச் சுருக்குத் தையலால் அடைத்துவிட்டுத்தான் வெட்டத் தொடங்குவார்கள். அந்த அடைப்பு கசிந்தால், ஏற்றும் வாயுவோடு புற்றுச் செல்களும் இடுப்புக்குள் தெறிக்கலாம் என்பது ஒரு விளக்கம். நெதர்லாந்தில் பன்னிரண்டு மையங்களில் ஒவ்வொன்றிலும் முதல் பத்து நோயாளிகளை மட்டும் எடுத்துப் பார்த்தபோதும் பத்து சதவீதம் வந்தது. அதனால் குற்றம் முறையிலா, கற்றுக்கொள்ளும் காலத்திலா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அனுபவம் மிகுந்த சில மையங்கள் நல்ல முடிவுகளோடு தொடர்கின்றன. நோயாளியாக இருந்தால் நான் கேட்கும் ஒரே கேள்வி, 'நீங்கள் இதுவரை எத்தனை செய்திருக்கிறீர்கள்' என்பதுதான்.

மாறாக, யாரும் பெரிதாக எதிர்பார்க்காத இடத்தில் இதே ஆராய்ச்சி பலன் கொடுத்தது. இரைப்பையை எப்படி மூடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே சுரங்கம் போல வழி செய்துகொண்டு, ஒரு இடத்தில் உள்ளே நுழைந்து வேறு இடத்தில் வெளியேறினால் சுவரே தானாக மூடிக்கொள்ளும் என்று பன்றியில் கண்டார்கள். யோகோஹாமாவில் ஹருஹிரோ இனோவே அந்தச் சுரங்க உத்தியை உணவுக்குழாய்க்குக் கொண்டுபோனார். அக்கலேசியா என்ற நோயில் உணவுக்குழாயின் கீழ்முனைத் தசை இறுகிக்கொள்ளும், தண்ணீர்கூட இறங்காது. வாய் வழியாகப் போய், சுரங்கத்துக்குள்ளிருந்து அந்தத் தசையை வெட்டிவிடுவதுதான் 'போயெம்'. 2008-ல் முதல்முறை மனிதரில் செய்தார். 2019-ல் வந்த, 221 பேரைக் கொண்ட ஆய்வில் இரண்டு வருட முடிவில் போயெம் 83 சதவீதம் பேருக்குப் பலன் தந்தது, லேப்ராஸ்கோப்பி அறுவை 81.7 சதவீதம். ஆனால் அமிலம் மேலேறி உணவுக்குழாய் புண்ணாவது போயெமில் 44 சதவீதம், மற்றதில் 29. இந்த இரண்டாவது கணக்கையும் சேர்த்துச் சொல்லாமல் சம்மதப் படிவத்தில் கையெழுத்து வாங்குவது தப்பு. ஹைதராபாத்திலும் வேலூர் சி.எம்.சி.யிலும் போயெம் இப்போது வழக்கமான சிகிச்சை.

அந்தக் கரடிப்பொறிக் கிளிப்பும் வீணாகவில்லை. மறுபடி மறுபடி ரத்தம் கசியும் இரைப்பைப் புண்ணில் அதை மாட்டிப் பார்த்த 66 பேர் கொண்ட ஆய்வில், ரத்தக்கசிவு நிற்காமல் இருந்ததும் திரும்ப வந்ததும் சேர்த்து 15.2 சதவீதம், வழக்கமான எண்டோஸ்கோப்பிச் சிகிச்சையில் 57.6 சதவீதம். நோட்ஸுக்காகப் பிறந்து, நோட்ஸ் இல்லாமலேயே பிழைத்துக்கொண்ட கருவி. குடலில் தவறுதலாக ஓட்டை விழுந்தால் உடனே மூடவும் இதை எடுக்கிறார்கள்.

கடைசியாக, யோனி வழிக் கர்ப்பப்பை நீக்கத்தை யாராவது உங்கள் வீட்டில் பரிந்துரைத்தால் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். யோனிக்கும் மலக்குடலுக்கும் நடுவே எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்படலம் போன்ற திசு வெளியே வளரும் நோய்) பரவி ஒட்டிக்கொண்டிருந்தால் இந்த வழி ஆபத்து, ஏனெனில் நுழையும் இடமே அதுதான். முன்பு மலக்குடலில் அறுவையோ இடுப்பில் கதிர்வீச்சோ நடந்திருந்தாலும், இடுப்புக்குள் பெரிய தொற்று வந்திருந்தாலும் அப்படியே. சிசேரியன் நடந்திருந்தால் முடியாது என்பதில்லை, ஆனால் சிறுநீர்ப்பை தழும்போடு ஒட்டியிருக்கும் என்பதால் கை பழகியவர் வேண்டும். கர்ப்பப்பைப் புற்றுநோய் என்றால் வேறு கணக்கு. மலக்குடல் விஷயத்தில் நடந்ததைப் பார்த்தபின், புற்று உள்ள உறுப்பைப் புது வழியில் எடுப்பதற்கு நீண்டகால முடிவுகள் கையில் இல்லாமல் நான் சம்மதிக்க மாட்டேன்.